புஷ்பா தொலைக்காதவை

எதிரில் உட்கார்ந்திருப்பவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்க உங்களுக்கு ஆலோசகர் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். அவரை நம்பவும் சொல்லித் தந்திருப்பார்கள். சந்தேகப்பட யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். கேட்டால், குடும்பங்களோடு வேலை செய்கிறவர்களுக்கு அது ஆகாத குணம் என்பார்கள். நான் வடசென்னையில் வேலை பார்த்த காலத்தில் எனக்கு அதிகம் உதவியது அந்தக் குணம்தான். எப்படி என்பதற்கு ஒரே ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள் அவை. எங்கள் மையம் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே கன்டெய்னர் லாரிகள் நாள் முழுக்க வரிசை கட்டி நிற்கும். ஜன்னலைத் திறந்தால் எதிரில் இருப்பவர் பேசுவது கேட்காது. மூடினால் ரப்பர் வாடையில் தலை வலிக்கும். கவனம் நிலைக்காத பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் வழிகாட்டுவது எங்கள் வேலை. ஏடிஎச்டி என்ற பெயரை அன்றைக்குப் பள்ளி ஆசிரியர்களே கேள்விப்பட்டிருக்கவில்லை. பெரியவர்களுக்கும் அது உண்டு என்று சொன்னால் எங்களையே ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அந்தப் பகுதியில் எங்களை யாரும் லேசில் நம்பிவிடவில்லை. மதம் மாற்ற வந்திருக்கிறோம் என்று ஒரு பேச்சு. பிள்ளைகளுக்கு மாத்திரை கொடுத்துத் தூங்கவைக்கிறோம் என்று இன்னொரு பேச்சு. மாடிப்படி ஏறி வருகிறவர்கள் வாசலில் நின்று உள்ளே ஒரு முறை நோட்டம் விட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்கள்.

வாரம் ஒரு நாள் ஒரு மனநல மருத்துவர் வருவார். பெயரைச் சொல்வது அவருக்குப் பிடிக்காது. டாக்டரம்மா என்றே சொல்கிறேன். அதிகம் பேச மாட்டார். நான் இந்தத் தொழிலில் தெரிந்துகொண்டதில் பாதி அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து தெரிந்துகொண்டது.

புஷ்பா தன் மகள் சங்கீதாவை அழைத்துக்கொண்டு வந்த நாளிலும் நான் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். மகள் நாலாம் வகுப்பு. பாடம் நடக்கும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், எதையும் முடிப்பதில்லை என்று பள்ளியில் புகார். டாக்டரம்மா மகளிடம்தான் பேசிக்கொண்டிருந்தார். ஆனால் கண் அம்மாவின் காலில் இருந்தது. புஷ்பாவின் ஒரு காலில் அவள் செருப்பும் இன்னொரு காலில் வேறு யாருடைய செருப்போ இருந்தன. வாசலில் கழற்ற மறந்து அப்படியே உள்ளே வந்திருந்தாள்.

"நீ எப்படிம்மா? சின்ன வயசுல?" என்று கேட்டார்.

"நானா? மக்குதான் டாக்டரம்மா. அடுப்புல பால வெச்சுட்டு தண்ணி புடிக்கப் போவேன். அங்க யாருனா பேச்சு குட்தா, பாலு வெச்சதே மறந்து பூடும். நான் வேணும்னே செய்றேன்னு வூட்ல சொல்லுவாங்க. எங்கம்மாவும் அதத்தான் சொல்லிச்சு, இப்ப புருசன் வூட்லயும் அதத்தான்."

மகளுக்கு இருப்பது அம்மாவுக்கும் இருக்கிறது என்பது அடுத்த சில வாரங்களில் உறுதியானது. தொடங்கியதை முடிப்பது, ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று மட்டுக்கட்டுவது, வைத்த இடத்தை நினைவில் நிறுத்துவது எல்லாமே அவளுக்கு மலை ஏறுவது மாதிரி. சோம்பலோ திமிரோ இல்லை, மூளை வேலை செய்கிற விதம் அப்படி என்று டாக்டரம்மா விளக்கியபோது புஷ்பா அழுதாள்.

"அப்போ நான் வேணும்னே செய்யலன்னு சொல்றீங்களா?" என்று கேட்டாள். டாக்டரம்மா ஆமாம் என்றார். அதே கேள்வியை இன்னொரு முறை கேட்டாள்.

அம்மாவுக்கும் மகளுக்கும் சேர்த்தே வேலையைத் தொடங்கினோம். ஒரு பொருளுக்கு ஒரே இடம். அடுப்பு எரியும்போது சமையலறை வாசலைத் தாண்டக் கூடாது. துணியை ஊறவைக்கும் முன் சட்டைப் பையை வெளியே இழுத்துவிட வேண்டும். அது நாக்கு மாதிரி தொங்கினால்தான் சட்டை வாளிக்குள் போகலாம். இந்த நாக்கு விஷயம் சங்கீதாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. வீட்டில் அவள்தான் மேஸ்திரி.

புஷ்பாவின் கணவர் தேவராஜ் எர்ணாவூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்த்தார். குடும்பத்தோடு ஒரு நாள் வரச் சொன்னோம். பொதுவாக இந்தக் கட்டத்தில் கணவர்கள் எங்களோடு சண்டைக்கு வருவார்கள். என் பெண்டாட்டி என்ன பைத்தியமா என்று மேசையைத் தட்டியவர்கள் உண்டு. தேவராஜ் அப்படியில்லை. கேட்டதும் முகம் மலர்ந்தது.

"நான் அப்பவே சொன்னேன் மேடம், இவ மண்டைல இன்னாவோ கீதுன்னு. யாரு கேட்டா? இப்ப டாக்டரே சொல்லிட்டாங்க" என்றார். தன் அக்கா மல்லிகாவைப் பார்த்து, "கேட்டியாக்கா?" என்றார்.

மல்லிகா கணவரை இழந்தவர். தம்பி வீட்டிலேயே இருந்தார். காலையில் யார்டு வாசலில் இட்லி விற்பார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கதவோரம் நின்று என்னையும் டாக்டரம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். போகும்போது, "அவ இருக்கிற வூட்ல ஒரு சாமான் நிக்காதும்மா" என்று மட்டும் சொன்னார்.

இப்படி ஒத்துழைக்கிற கணவர் கிடைத்தாரே என்று எனக்கு மகிழ்ச்சி. அதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கிட்டாரா?" என்றார். "நோயோட பேர் சொன்னதும் அழறவங்கள நம்பலாம். சண்டை போடறவங்களையும் நம்பலாம். சந்தோஷப்படறவங்க மேல மட்டும் ஒரு கண்ணு வை. ஆனா உன் மூஞ்சில அது தெரியக் கூடாது."

தேவராஜ் அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். எம் பொண்டாட்டிக்கு மறதி வியாதி, டாக்டர் சொல்லிட்டாங்க. கேட்டவர்கள் பரிதாபப்பட்டார்கள். புஷ்பா தெருக்குழாயில் நின்றால், "குடத்த மறந்துட்டுப் போய்டாத" என்று சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

சில மாதங்களில் எனக்கு ஒன்று நெருடியது. எங்கள் அறையில் பார்த்தால் புஷ்பா தெளிவாக முன்னேறிக்கொண்டிருந்தாள். நேரத்துக்கு வந்தாள். வீட்டிலோ பொருட்கள் முன்பைவிட அதிகமாகக் காணாமல் போயின. இந்தத் தொழிலில் கொஞ்ச நாள் இருந்தால் உங்களுக்கும் தெரியும், மறதிக்கும் ஒரு கையெழுத்து உண்டு. புஷ்பா தொலைப்பவை சீப்பு, கரண்டி, மூக்குக்கண்ணாடி. கையில் இருக்கும்போதே வேறு நினைப்பு வந்து அங்கேயே வைத்துவிடுவாள். இரண்டு நாளில் அரிசிப் பானையிலிருந்தோ துணி மூட்டையிலிருந்தோ அவை திரும்பி வரும். இப்போது அவள் கணக்கில் ஏறியவை திரும்பி வரவேயில்லை. புதிதாக வாங்கிய டார்ச். வீட்டின் மாற்றுச் சாவி. சங்கீதாவின் வெள்ளிக் கொலுசு. கொலுசைத் தேடிப் புஷ்பா சாக்கடைக் கல்லைப் பெயர்த்து, கையை உள்ளே விட்டுத் துழாவினாள் என்று மகள் சொன்னாள்.

என் சந்தேகம் மல்லிகா மேல் போனது. உட்காராத பெண். சிரிக்காத முகம். தம்பி மனைவியை வெளியேற்றப் பொருட்களை ஒளித்துவைக்கிறார் என்று எனக்குள் ஒரு கதை உருவாகிவிட்டது. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. அப்படிக் கச்சிதமாகப் பொருந்துகிற கதை உங்களுக்குள் உருவானால், முதலில் அந்தக் கதையைச் சந்தேகப்படுங்கள்.

ஒரு நாள் காலை மூன்று பேரும் படியேறி வந்தார்கள். தேவராஜ் முன்னால், புஷ்பா நடுவில், மல்லிகா கடைசியில். தேவராஜின் யார்டு பாஸ் காணவில்லை. சட்டையில் கிளிப் போட்டு மாட்டிக்கொள்ளும் அட்டை அது. அது இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். அதற்கு மேல் யார்டில் ஒரு கன்டெய்னரின் சீல் உடைந்து சரக்கு திருடு போயிருந்தது. எல்லாரையும் பாஸைக் காட்டச் சொல்லியிருந்தார்கள். தேவராஜால் காட்ட முடியவில்லை.

"இவதான் மேடம் தொலைச்சுட்டா. போன வாரமே தொலைச்சுட்டா. இப்ப போலீஸ் டேசனுக்கு வந்து அத்த சொல்லப் போறா. நீங்க ஒரு பேப்பர் குடுக்கணும். இவுங்களுக்கு இந்த மாதிரி வியாதி கீது, பொருள்லாம் தொலைச்சுடுவாங்கன்னு. முத்திர போட்டு."

நான் புஷ்பாவைப் பார்த்தேன்.

"ஆமாக்கா, நான்தான் தொலைச்சேன்" என்றாள், நான் வாய் திறக்கும் முன்பே.

"எப்படித் தொலைஞ்சது?"

"தெர்லக்கா. துணியோட ஊற வெச்சிருப்பேன்."

"நான் புஷ்பாகிட்ட கொஞ்சம் தனியா பேசணும்" என்றேன்.

"இன்னா தனியா?" தேவராஜின் குரல் ஏறியது. "இத்தினி நாளா தனியாப் பேசித்தான இன்னாத்தையோ சொல்லிக் குட்துகினு கீறீங்க? வேல பூடும் மேடம். உங்க ஒரு பேப்பர்ல ஒரு குடும்பம் பொழைக்கும். குடுப்பீங்களா, மாட்டீங்களா?"

"பேசாம எழுத முடியாது. கீழ ஒரு டீ குடிச்சுட்டு வாங்க."

அவர் நகரவில்லை. மல்லிகாதான், "வாடா" என்று அவர் தோளைத் தட்டிக் கீழே அழைத்துப் போனார்.

இந்த மாதிரி நேரத்தில் நீதான் செய்தாயா என்று நேராகக் கேட்காதீர்கள். வாழ்நாள் முழுக்கத் திட்டு வாங்கியவர்கள் எதையும் ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொண்டால் சத்தம் சீக்கிரம் ஓயும் என்று அவர்களுக்குத் தெரியும்.

"புஷ்பா, அவர் சட்டைய ஊற வைக்கிறப்ப என்ன செய்வன்னு கையால செஞ்சு காட்டு" என்றேன்.

காற்றில் ஒரு சட்டையை எடுத்தாள். உதறினாள். இரண்டு விரலை விட்டுப் பையை வெளியே இழுத்தாள்.

"நாக்கு தொங்குதா?"

"தொங்குது. பாப்பா பாக்காம வுட மாட்டா."

"சரி, ஒருவேளை ரெண்டு பேருமே பாக்காம பாஸோட ஊற வெச்சுட்டீங்கன்னு வை. அப்போ?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யக்கா, அது பிளாஸ்டிக் அட்டக்கா. இரும்பு கிளிப்பு வேற. கரஞ்சா பூடும்? வாளிலதான கெடக்..."

சிரிப்பு பாதியில் நின்றது. கையை மடியில் வைத்துக்கொண்டாள். கீழே ஒரு லாரிக்காரர் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம் ஏன் நீதான்னு சொன்ன?"

"அவரு சொன்னாரு. வூட்ல எது காணோம்னாலும் நான்தானக்கா." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவராண்ட ஒண்ணும் கேக்காதீங்க. நான் டேசன்ல சொல்லிட்டுப் போறேன். எனுக்கு இன்னா, இன்னும் ஒண்ணுதான?" என்றாள்.

அந்த நிமிடத்தில் என் கையில் என்ன இருந்தது? ஒரு சந்தேகம். அதுவும் தப்பான ஆள் மேல். மல்லிகாதான் பாஸை ஒளித்துவைத்திருப்பார் என்று அப்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை வாய்விட்டுச் சொன்னால் ஒரு வீட்டுக்குள் தீயை எறிந்த மாதிரி. பேப்பர் எழுதிக் கொடுத்தாலோ புஷ்பாவின் சிரமத்துக்கு ஒரு பெயர் தந்த எங்கள் கையாலேயே அவளைக் காவல் நிலையத்தில் நிறுத்திய மாதிரி. தெரிந்ததை மட்டும் சொல்வது, தெரியாததற்கு முத்திரை போடாமல் இருப்பது. அதற்கு மேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

கதவு திறந்தது. மல்லிகா தனியாக வந்தார். முதல் தடவையாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னாம்மா, பேப்பர் எழுதிட்டியா?"

"இல்ல. எழுத மாட்டேன்."

என்னை உற்றுப் பார்த்தார். பார்வை கொஞ்சம் மாறியது.

"எழுதியிருந்தா நீயும் அவன் ஆளுதான்னு முடிவு பண்ணியிருப்பேன்" என்றார். "பாஸு தொலையலம்மா. நான் யார்டு கேட்டாண்டதான இட்லி விக்கிறேன்? இவனோட தோஸ்து ஒருத்தன், அவன் நெஞ்சுல தொங்கிச்சு எந்தம்பி பாஸு. கிளிப்புல நான் செவப்பு நூலு சுத்திக் குட்தது. எனுக்குத் தெரியாதா?"

புஷ்பா அவரையே பார்த்தாள்.

"உன்னிய எனுக்குப் புடிக்காது. அத்த நான் மறைக்கல" என்றார் மல்லிகா அவளிடம். "ஆனா இன்னிக்கு டேசன்ல போயி நான்தான் தொலைச்சேன்னு நீ சொன்னேன்னு வெய்யி, நாளைக்கு யாராண்ட குட்தேன்னு போலீஸ்காரன் கேப்பான். அப்ப இன்னா சொல்லுவே? அதுவும் மறந்து போச்சும்பியா? ஒரு பொட்டப் புள்ளய வெச்சுகினு கீறே."

தேவராஜ் மேலே வந்தார். புஷ்பாவுக்கு இருக்கும் சிரமத்தை எழுதித் தரலாம், ஆனால் இந்தப் பாஸை அவள்தான் தொலைத்தாள் என்று எனக்குத் தெரியாது, யார் கேட்டாலும் தெரியாது என்றுதான் சொல்வேன் என்றேன். அவர் கத்தினார். குடும்பத்தைக் கெடுக்க வந்தவள் என்றார். இந்த இடத்தை எப்படி நடத்துகிறாய் பார்க்கிறேன் என்றார். கீழே டயர் கடைப் பையன்கள் படியில் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"அந்தப் பேமானி நெஞ்சுல தொங்கிச்சுடா உன் பாஸு" என்றார் மல்லிகா, உட்கார்ந்தபடியே.

தேவராஜ் சட்டென்று சுருங்கிப்போனார். வேலை தேடும் நண்பன் ஒருவன், உள்ளே போய் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று கேட்டானாம். இரவல் கொடுத்தாராம். அவன் திரும்பி வரவில்லை, ஆளும் ஊரில் இல்லை. சரக்கு போனதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அது உண்மை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஏன் மனைவி மேல் போட்டார் என்று கேட்டேன்.

"அவ எப்பவும் தொலைக்கிறவதான மேடம்" என்றார். "ஒண்ணு சேத்தா இன்னா ஆயிடப் போவுதுன்னு..."

புஷ்பா எழுந்து நின்றாள்.

"பாப்பா கொலுசு?" என்று கேட்டாள்.

தேவராஜ் கதவுப் பக்கம் திரும்பினார்.

"பாப்பா கொலுசு யாரு தொலைச்சா?"

அவர் தரையைப் பார்த்தார். நான் வாழ்க்கையில் பார்த்த ஒப்புதல்களில் அதுதான் மிகத் தெளிவானது. புஷ்பா தன் வலது கையைத் திருப்பி விரல்களைப் பார்த்தாள். சாக்கடையில் விட்ட கை. படியிறங்கிப் போனாள். மல்லிகா பின்னாலேயே போனார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேவராஜ் மறுநாள் யார்டுக்குப் போய் உள்ளதைச் சொன்னார். கூட மல்லிகா போனதால் சொன்னார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நண்பன் பிடிபட்டான். தேவராஜ் மேல் வழக்கு வரவில்லை, வேலை போய்விட்டது. நெட்டுக்குப்பம் பக்கம் கூலிக்குப் போனார். புஷ்பா மகளை அழைத்துக்கொண்டு வியாசர்பாடியில் அம்மா வீட்டுக்குப் போய்ப் பல மாதம் இருந்தாள். அந்த நாட்களில் அவளை அடிக்கடி போய்ப் பார்த்தது மல்லிகாதான். பிடிக்காது என்று சொல்லிக்கொண்டேதான் போவார், மீன் குழம்போடு. பிறகு புஷ்பா திரும்பினாள். வீட்டில் எது காணாமல் போனாலும் முதலில் எல்லாரும் சேர்ந்து தேட வேண்டும், தேடி முடிக்கும் வரை யாரும் யார் பெயரையும் சொல்லக் கூடாது என்று ஒரே நிபந்தனை போட்டாள். தேவராஜ் அதைக் காப்பாற்றினாரா என்று முழுதாக எனக்குத் தெரியாது. கேட்டால் புஷ்பா, "பாக்கலாம்க்கா" என்பாள்.

நோய்க்கு ஒரு பெயர் கொடுக்கும்போது, அந்த வீட்டில் யார் யாருக்கு அந்தப் பெயர் வசதியாகப் போகிறது என்று பாருங்கள். மறதிக்காரி என்று ஒருத்தி இருக்கிற வீட்டில் மற்றவர்களுக்கு மறதியே கிடையாது. பொய்யும் கிடையாது. இதைக் கணவர்களைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

மையத்தில் தாய்மார்கள் கூட்டம் ஒன்று தொடங்கினோம். புஷ்பா அதில் முன்னால் உட்காருவாள். ஒரு நாள் கூட்டம் முடிந்து அலமாரியைப் பூட்டப் போனால் சாவி இல்லை. சற்று முன் மேசையில் இருந்தது. பேச்சு நின்றது. பதினைந்து இருபது பெண்கள், ஒருவர் விடாமல் புஷ்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்று வந்திருந்த டாக்டரம்மாவும் பார்த்தார்.

புஷ்பா எழுந்திருக்கவில்லை. "நான் எடுக்கல" என்றாள். குரலில் கோபம் இல்லை. "எல்லாரும் அவுங்கவுங்க பைய ஒரு தபா பாத்துடுங்க."

பைகள் திறந்தன. டாக்டரம்மாவின் தோல்பையில், கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் சாவி இருந்தது. பேச்சு மும்முரத்தில் கூட்டோடு சேர்த்து எடுத்துப் போட்டிருக்கிறார். அவர் சாவியை மேசையில் வைத்தார். எல்லார் முன்னாலும் கைகூப்பி, "மன்னிச்சுக்கோம்மா, நானும் உன்னைத்தான் பார்த்தேன்" என்றார்.

"வுடுங்க டாக்டரம்மா" என்றாள் புஷ்பா. "நானும் மொதல்ல என் பையத்தான் பாத்தேன்."